சாமிக்குக் கொடுத்த பிள்ளை

என்னைச் சாமிக்குக் கொடுத்தபோது எனக்குப் பல்கூட முளைக்கவில்லை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அழுதுதான் பதில் சொல்லியிருப்பேன்; அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த கப்பலில் நடந்தது அது. அப்பாவுக்குக் கப்பல் பழுது பார்க்கும் டாக்யார்டில் மர வேலை கிடைத்திருந்தது. அவர் முன்னால் வந்துவிட்டார். அம்மா கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரை விட்டுத் தனியாகக் கப்பலேறினாள். நடுக்கடலில் எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, கப்பல் டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா என்னை மேல்தளத்துக்குத் தூக்கி வந்து, எங்கள் ஊர்க் கோயில் புனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளை பிழைச்சா உமக்கே அடிமை" என்று சொன்னாளாம். நான் பிழைத்துக்கொண்டேன். அன்று முதல் நான் சாமிக்குக் கொடுத்த பிள்ளை.

இந்தச் செய்தி தீவு முழுக்கத் தெரிந்துபோனதற்கு அம்மாதான் காரணம். போர்ட் பிளேரில் டாலிகஞ்சிலிருந்து லம்பா லைன் வரை தலையில் கூடை வைத்து மீன் விற்றவள் அவள். கூடையை இறக்கி வைத்த வாசலிலெல்லாம் இந்தக் கதையையும் இறக்கி வைப்பாள். வங்காளி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு என்று பார்க்க மாட்டாள். "ஏ லட்கி மேரா நஹி, பகவான் கா ஹை", இந்தப் பெண் என்னுடையவள் இல்லை, கடவுளுடையவள் என்று என்னைக் காட்டிச் சொல்வாள். அவளுடைய ஹிந்தியில் மீன் பெயர்களும் விலையும் போக, முழுசாகத் திக்காமல் வந்த ஒரே வாக்கியம் அதுதான். கேட்ட அம்மாள்கள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

சாமியின் சொத்தாக இருப்பதில் ஒரு சௌகரியமும் கிடையாது. கொய்யா மரம் ஏறினால், "சாமி பிள்ளை மரம் ஏறலாமாட்டி?" பக்கத்து வீட்டுப் பையனைக் கல்லால் அடித்தால் அவனுக்குக் கிடைப்பதைவிட எனக்கு இரண்டு பங்கு அடி. என் தலைமுடி நன்றாக நீளமாக வளர்ந்தது. அதில் ஒரு நாள் பூ வைத்துவிட மாட்டாள். கேட்டால், "எப்படியும் மூடி வைக்கப் போற முடிதான" என்பாள். கன்னியாஸ்திரி மடத்தின் முக்காடு நான் நடக்கப் பழகியபோதே என் தலைக்கு அளவெடுத்து வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலருக்கு இன்னும் நெற்றியில் தழும்பு இருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு ஞானோபதேசம், அதாவது வேதப்பாட வகுப்பு, உண்மையாகவே பிடித்திருந்தது. யாரும் கட்டாயப்படுத்தாமல் எனக்குப் பிடித்த ஒன்று அது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வகுப்பு நடக்கும். எங்கள் கோயிலுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ராஞ்சிக்காரர்கள். காடு வெட்டவும் ரோடு போடவும் அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஹிந்தியில் ஒரு மூலை, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு மூலை. சொல்லிக்கொடுக்க ஆள் போதாமல், பள்ளிக்கூடத்து மேல் வகுப்பில் இருந்த என்னைத் தமிழ் மூலையில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு மூலையையும் நானே சேர்த்துவிட்டேன். தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த மொழியானாலும் கடைசியில் தீவு ஹிந்திதானே.

அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எந்த உபதேசப் புத்தகமும் எதிர்பார்த்திருக்கவில்லை. வெள்ளம் வரப்போகிறது என்று மிருகங்களையெல்லாம் ஜோடி ஜோடியாகக் கப்பலில் ஏற்றிய கதையைச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, "தீதி, டிக்கெட்டுக்கு லைன்ல யாரு நின்னாங்க?" என்றாள். தீதி என்றால் அக்கா, நான்தான். இன்னொருவன், யானைக்கு கேபினா, கீழ்த்தளத்துப் பங்க் படுக்கையா என்று கேட்டான். சிரித்துக் கலைத்துவிட்டிருக்கலாம். ஆனால், டிக்கெட் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். டிக்கெட் கிடைக்காமல் கப்பல் துறை ஜெட்டியில் நின்று அழுத குடும்பத்தை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். உபதேச வகுப்பைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரிடம் போய்க் கேட்டேன், "அதையெல்லாம் கேட்கக் கூடாது" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இதை முறையாகப் படிக்க வேண்டும், படித்துவிட்டு வந்து அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

படிப்பு வேண்டும், முக்காடு வேண்டாம். இவ்வளவுதான் நான் கேட்டது. இதைச் சொன்னபோது எல்லோரும் என்னை, மீன் வேண்டும் ஆனால் கடல் வேண்டாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடப் படிப்பு முடிகிற வருஷம் எங்கள் கோயில் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் மெயின்லேண்டில் வேறு ஏதோ மாகாணத்துக்காரர். ஹிந்தியில்தான் பேசுவார், நல்ல மனிதர், சட்டென்று கோபம் வரும். மறைக்கல்வி படிக்க எந்தெந்த இடம் இருக்கிறது என்று கேட்டேன். மடத்தில் சேர்ந்தால் மடமே படிக்க வைக்கும் என்றார். மடம் இல்லாமல் என்றேன். உபதேசியார் பயிற்சி இருக்கிறது, அதற்கு ஆண்களைத்தான் எடுப்பார்கள் என்றார். அடுத்தது என்றேன். மெட்ராஸ் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பட்டப் படிப்போடு இதையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி விலாசம் கொடுத்தார். எழுதிப் போட்டேன். பதில் கப்பலேறி வர வேண்டும், வந்தது. அதில் எழுதியிருந்த கட்டணத்தை அப்பா ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்குக் கீழே வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. அந்தக் கல்லூரியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பலன் அது.

மறுபடியும் சாமியாரிடம் போனேன். இம்முறை இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டேன். படித்து முடித்தால் சம்பளம் உள்ள வேலை கிடைக்குமா?

அவர் முகம் சிவந்துவிட்டது. கடவுளைப் பற்றிப் படிக்க வருகிறவள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாமா, இது சேவையா வியாபாரமா என்று சத்தம் போட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "சாமி, உங்களுக்கு மூணு வேளையும் கோயில் வீட்டுல சாப்பாடு வருது. சிஸ்டர்களுக்கு மடத்துல வருது. எனக்கு எங்க இருந்து வரும்னு நான் கேக்கக் கூடாதா?" என்று ஹிந்தியில் கேட்டேன். ஹிந்தியில் மரியாதையாகச் சண்டை போடுவது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சம் கூடுதலாகவே விழுந்திருக்கும்.

அவர் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினார். பிறகு, என்னை விரட்டுவதற்கென்றே சொல்வதுபோல, ராஞ்சிப் பக்கம் ஒரு கல்லூரி இருக்கிறது, மடத்தில் சேராத பெண்களையும் எடுப்பார்கள், ஆனால் அது அந்த ஊர்ப் பெண்களுக்கானது, பாடம் முழுக்க ஹிந்தி, ஹாஸ்டலில் பெண்களே முறை வைத்துச் சமைத்துத் துணி துவைத்துக்கொள்ள வேண்டும், உங்கள் மதராஸிப் பெண்கள் அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்றார். பெண்களே வேலை செய்துகொள்வதால் ஹாஸ்டலுக்குக் கட்டணம் மிகக் குறைவு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் எனக்கு நிறையாகத்தான் கேட்டது. சமைக்கத் தெரியாதா எனக்கு? துணி துவைக்கத் தெரியாதா? மீன் கழுவின கை இது. ஹிந்தி மீடியம் என்றால் இன்னும் நல்லது, தீவில் திறக்கிற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் ஹிந்தியில்தான் பாடம் நடந்தது. விசாரித்து எழுதியபோது முழு விவரமும் வந்தது. மறைக்கல்வியைப் பாடமாக எடுத்துப் பட்டம், அது முடிந்ததும் அங்கேயே ஆசிரியப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படிப்பு, திங்கட்கிழமைக்கு ஒரு படிப்பு. ஞாயிறு மனசுக்கு, திங்கள் வயிற்றுக்கு. இதைவிட என்ன வேண்டும்?

வீட்டில் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது, "அது எந்தக் கப்பல்?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. தீவில் எங்களுக்கு மெயின்லேண்ட் என்பது ஒரு ஊர் அல்ல, ஒரு கப்பல். தமிழர்கள் மெட்ராஸ் கப்பல். வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் கல்கத்தா கப்பல். கல்யாணம், சாவு, வைத்தியம், படிப்பு எதுவானாலும் அவரவர் கப்பலில்தான். கல்கத்தா கப்பலில் ஏறிய தமிழ்க் குடும்பத்தை எங்கள் குடியிருப்பு லைனில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"கல்கத்தா கப்பல்" என்றேன்.

"நாம மெட்ராஸ் கப்பல்காரங்கம்மா" என்றார் அப்பா, நான் சாதி விட்டுச் சாதி போகக் கேட்டதுபோல.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ராஞ்சிக்காரங்க ஊருக்கா? ரோடு போடுதவங்க கூடவா போய்ப் படிப்ப?"

"நீ மீன் விக்க. அப்பா மரம் இழைக்காரு. அவங்க ரோடு போடுதாங்க. இதுல யாரும்மா உசத்தி?" என்று கேட்டேன். பதிலாக விழுந்த அடி முதுகில் இரண்டு நாள் இருந்தது.

அடித்த பிறகு அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நீ எம் பிள்ளை இல்ல. சாமி பிள்ளை. ஒன்ன எங்க அனுப்பணும்னு நான் முடிவு பண்ண முடியாது. மடத்துக்கு எழுதியாச்சு. அத்தை வந்து கூட்டிட்டுப் போவா." அப்பாவின் அக்காவுக்கு எப்போதோ சொல்லியனுப்பி, எங்கள் ஊருக்குப் பக்கத்து மடத்தில் என்னைச் சேர்க்க எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தாள். எனக்குத் தெரியாமல்.

அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. சாமியின் மேல்கூட கோபம் வந்தது. உமக்கு ஆளா கிடைக்கவில்லை என்று கோயிலில் நின்று மனசுக்குள் கேட்டேன். இந்த அம்மாவிடமிருந்து இப்படி ஒரு காணிக்கையை நீர் எப்படி வாங்கினீர், ஒரு குழந்தையைப் பேரத்துக்கு வைக்கிறாளே, வேண்டாம் என்று சொல்ல வேண்டாமா? எங்கள் ஊர்ப் புனிதரின் சின்னச் சுரூபம் ஒன்றை அப்பாதான் தேக்கில் செதுக்கிக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். பீடத்துக்கு இடப்பக்கம் சுவரோரமாக நிற்கும். அதன் முகத்தைப் பார்த்துத்தான் இதையெல்லாம் கேட்டேன்.

அத்தை மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கினாள். தடித்த உடம்பு, உரத்த குரல், கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தாலும் ஜெட்டியில் கால் வைத்ததுமே பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏளா, இவள மீட்டது எந்தக் கோயில்ல?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"மீக்கல, மைனி" என்றாள் கடைசியில்.

"மீக்கலையா? இத்தன வருசமாவா?" அத்தை இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அடிமை வச்சா மீக்கணும்லா. அடிமையா கெடக்க பிள்ளைய மடத்துக்கு எப்படிக் குடுப்ப? ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்க முடியுமா? மொதல்ல மீட்டு, எம் பிள்ளைன்னு ஆக்கிட்டு, பொறவு வேணும்னா குடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீட்பது என்றால் என்ன என்று கேட்டேன். அத்தைதான் சொன்னாள். எங்கள் கடற்கரையில் நோய் விழுந்த பிள்ளையைப் புனிதருக்கு அடிமை வைப்பது வழக்கம். பிள்ளை பிழைத்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் புனிதரின் காலடியில் படுக்க வைத்து, உப்போ மிளகோ மெழுகுவர்த்தியோ கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வைப்பதும் மீட்பதும் சேர்ந்ததுதான் அந்த நேர்ச்சை. "நானே அடிமை வச்சு மீட்ட பிள்ளதான். ஒங்கப்பனும் அப்படித்தான். நம்ம ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான். எல்லாரும் மடத்துக்கா போனோம்?" என்று சிரித்தாள்.

பாதி வழக்கம் மட்டும்தான் கப்பலேறித் தீவுக்கு வந்திருக்கிறது. இங்கே எங்கள் ஊர்ப் புனிதருக்குத் தனியாகக் கோயில் கிடையாது, மீட்க ஊர் போகவும் வழியில்லை. மீட்காமலே விட்டதில், கொடுத்தது கொடுத்ததாகவே நின்றுவிட்டது. வங்காளி அம்மாளுக்கும் தெலுங்கு அம்மாளுக்கும் இந்த வழக்கத்தின் மறுபாதி எப்படித் தெரியும்? சிஸ்டர்களுக்கே தெரியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் தலை நிமிரவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எல்லாம் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மா குழாயடியில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் நின்றேன்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் மீக்கல?"

கூடையைத் திருப்பிப் போட்டு நாரைத் தேய்த்தாள். நான் நகரவில்லை.

"என் தலையத் தொட்டுப் பாரு" என்றாள். முன்பக்கம் கூடை உட்காருகிற இடத்தில் முடி தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. எண்ணெய் தேய்த்து மறைத்துச் சீவியிருப்பாள், நான் அதுவரை கவனித்ததில்லை. "மடத்துல சேந்தா செலவில்லாம படிக்க வைப்பாவ. டீச்சராவோ நர்ஸாவோ ஆக்குவாவ. சாவுற வரைக்கும் சோறு, கூரை, நல்ல துணி. குடிச்சிட்டு வந்து அடிக்கதுக்கு ஒருத்தன் இல்ல. கூடை தூக்க வேண்டாம். இதவிட நல்ல படிப்ப எங்கட்டி கண்டுபிடிப்ப நீ? நம்மளால முடிஞ்சது இது ஒண்ணுதான். சாமின்னு சொன்னாத்தான் யாரும் கேள்வி கேக்க மாட்டாவ. ஒங்கப்பா கூட."

அவள் பக்தியில் செய்ததாகத்தான் நான் இத்தனை வருஷமும் நினைத்துப் பல்லைக் கடித்திருந்தேன். அவளோ எனக்காகக் கல்லூரி தேடியிருக்கிறாள். செலவு குறைவு, வேலை நிச்சயம். நான் சாமியாரிடம் நின்று சண்டை போட்டுக் கேட்ட அதே இரண்டையும் அவள் நான் நடக்கப் பழகியபோதே தேடி, கண்டும் பிடித்துவிட்டாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் மேல் பாசம் பொங்கியது உண்மை. கோபம் அதற்காகக் குறைந்துவிடவில்லை. அவள் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது, நான் ஒருத்தி மட்டும் இல்லை.

"நான் கூடையும் தூக்க மாட்டேன், முக்காடும் போட மாட்டேன்" என்றேன். "நான் தேடின படிப்புலயும் வேலை உண்டு. செலவும் நம்மால முடியும். என்ன மீட்டு விடு."

"மாட்டேன்" என்றாள் அம்மா. நான் யாருடைய மகள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. எல்லோரும் எழுந்து வெளியே போகத் தொடங்கும்போது நான் முன்னால் நடந்து போய், அப்பா செதுக்கிய சுரூபத்தின் காலடியில், படியில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கைக்குழந்தைகளைப் படுக்க வைக்கிற இடத்தில், புடவை கட்டிய பெண் ஒருத்தி. வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். ராஞ்சிக்காரப் பெண்கள் என் வகுப்புப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் வந்து நின்றார்கள். "க்யா ஹுவா, தீதி?" என்ன ஆச்சு என்று ஒரு பையன் கேட்டான்.

"மீட்டாத்தான் எந்திரிப்பேன்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

சாமியார் பூசை உடுப்போடு வந்துவிட்டார். என்ன இது, கோயிலில் தர்ணாவா என்று கேட்டார். அத்தைக்கு ஹிந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அத்தை விடுவாளா? கையை ஆட்டி, சுரூபத்தைக் காட்டி, என்னைக் காட்டி, எடுப்பதும் கொடுப்பதுமாக அபிநயம் பிடித்து விளக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த ராஞ்சிக்காரக் கிழவர் ஒருவர் தலையை ஆட்டி, அவர்கள் ஊரிலும் நேர்ந்த ஆட்டை இப்படித்தான் திரும்ப வாங்குவார்கள் என்றார். எனக்கு ஆடு என்ற பேச்சு பிடிக்கவில்லை, ஆனாலும் சும்மா இருந்தேன். என் பக்கம் பேச அன்று அத்தையையும் அவரையும் விட்டால் யாரும் இல்லை.

அம்மா என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணை நேராகப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

"ராஞ்சிக்கெல்லாம் போய்ட்டு, வேலையும் கெடைக்காம வந்து நின்னா?" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. அவளுக்கு உண்மையிலேயே பயம்.

"வந்து நிக்க மாட்டேன். நின்னா நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

"கூடை தூக்குவியா?"

"தூக்குவேன். ஆனா தூக்க வேண்டி வராது."

அம்மா கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பூசைக்கு வரும்போதும் மீன்கூடையைக் கோயில் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் வருவாள், முடிந்ததும் அப்படியே வியாபாரத்துக்குப் போக வேண்டும். திடீரென்று திரும்பி வெளியே நடந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில், மீனுக்குப் போடுவதற்காகத் துணியில் முடிந்து வைத்திருந்த கல்லுப்பு இருந்தது. முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி, சுரூபத்தின் காலடியில் போட்டாள். போட்டாள் என்பதைவிட வீசினாள் என்பதே சரி. கொஞ்சம் என் மடியிலும் விழுந்தது. அதில் மீன் வாடை அடித்தது.

"இந்தாரும் உம்ம கூலி" என்று புனிதரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "எந்திரிட்டி."

எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்ததால் விழப் பார்த்தேன், அவள்தான் பிடித்தாள். பிடித்த கையை வாசல் வரை விடவில்லை.

அப்பா அந்த வாரமே கப்பல் டிக்கெட்டுக்குக் கியூவில் போய் நின்றார். கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மெட்ராஸ் தாளை எடுத்தாராம். "கல்கத்தா" என்று அப்பா சொன்னதும், பின்னால் நின்ற தெரிந்தவர்கள் எல்லாம், மெட்ராஸ் கப்பலுக்குக்கூடக் காத்திருக்க முடியாமல் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்களாம். அத்தை தனியாக மெட்ராஸ் கப்பலில் திரும்பினாள். கிளம்பும்போது, மடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டதற்கு, "பிள்ளைய மீட்டாச்சுன்னு சொல்லுதேன். அவுகளுக்கு அதுக்கு மேல கேக்க உரிமை இல்ல" என்றாள்.

ராஞ்சிப் பக்கத்துக் குளிர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே விரித்தால் வேறு கதையாகிவிடும். சாமியார் சொன்னதுபோல ஒரு வாரத்தில் ஓடிவரத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கஞ்சித் தண்ணீரோடு சோறும் கீரையும் தின்று, இரவில் விரல்கள் விறைத்து, அம்மா என்று அழுதிருக்கிறேன். மறுநாள் எழுந்து என் முறைக்கு அடுப்பு மூட்டியிருக்கிறேன். கூடப் படித்த பெண்கள், கடல் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு என்னைத் தூங்க விட மாட்டார்கள். பட்டமும் பயிற்சியும் முடித்து அதே கல்கத்தா கப்பலில் திரும்பினேன். டிக்கெட் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதிலும் கொண்டுவந்தேன். முழுப் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்கக் கூடாது என்று சொல்லாத பதில்.

வேலை கிடைத்தது. தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் புதிதாகக் குடியேறியவர்களுக்காகத் திறந்த பள்ளிக்கூடத்தில், ஹிந்தி மீடியம், மாதம் தவறாத சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயும் ஒரு கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து உபதேசம். முதல் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போவதற்குள் அம்மாவே என்னைப் பார்க்கக் கப்பலேறி ஹட் பேக்கு வந்துவிட்டாள். ஜெட்டிக்குப் போய் அழைத்து வந்தேன். தலையில் முக்காடு போலச் சேலையை இழுத்து விட்டிருந்தாள், முன்பக்கத்து வழுக்கையை மறைக்க.

வழியில் என் மாணவியின் தாய், ஒரு வங்காளி அம்மாள், எங்களை நிறுத்தினாள். அம்மாவைக் காட்டி யார் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவளுடைய ஹிந்தியில் திக்காமல் வருகிற அந்த ஒரே வாக்கியம் தொடங்கப் போகிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"ஏ லட்கி பகவான் கா நஹி" என்றாள் அம்மா. "மேரா ஹை. நமக் தேகே வாபஸ் லியா."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தாள். உப்பைக் கொடுத்துத் திரும்ப வாங்கிய பிள்ளை என்று அம்மா சொல்கிறாள், உண்மைதான் என்றேன்.